பந்து கையில் நிற்காத பிள்ளையும் ஆட வேண்டும்: புதிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொன்னால், எந்த வகுப்பிலும் கடைசியில் மிஞ்சுவது அதே ஓரிருவர்தான். "சார், இவனை அவங்க டீம்லயே வெச்சுக்கட்டும்" என்று இரு பக்கமும் தள்ளிவிடுவார்கள். எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும். ஓடும்போது கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். படிப்பில் கெட்டிக்காரனாகக்கூட இருப்பான். பல பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மைதானத்தில் நிரந்தர வேலை ஒன்று உண்டு: ஸ்கோர் எழுதுவது, இல்லையென்றால் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்வது. அந்த வேலையிலிருந்து அவனை எழுப்பி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதினாலும், பி.டி. ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில் விளையாட்டையும் சேர்த்துப் பார்க்கும் வகுப்பாசிரியருக்கும் இது பயன்படும்.

கை, கால், கண் மூன்றும் சேர்ந்து இயங்காமல் இப்படித் தடுமாறும் குறைபாட்டுக்கு மருத்துவத்தில் டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர், சுருக்கமாக டி.சி.டி. என்று பெயர். டிஸ்பிராக்சியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் 40 பேர் வகுப்பில் சராசரியாக இருவர். தசையில் பலம் இல்லாமலோ, புத்தி மந்தத்தாலோ வருவதில்லை. ஓர் அசைவை முன்கூட்டியே திட்டமிடுவது, பந்து எப்போது எங்கே வந்து சேரும் என்று கணிப்பது, அதற்கேற்பக் கையைக் கொண்டுபோவது ஆகியவை மற்ற பிள்ளைகளுக்குத் தானாக நடக்கும். இந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் அரை மணி நேரத்திலேயே களைத்துப்போகிறான்.

ஆசிரியர்களைத் தடுமாற வைப்பது இன்னொரு விஷயம். திங்கட்கிழமை நன்றாகப் பிடித்த பந்தைப் புதன்கிழமை மூன்று முறையும் கோட்டைவிடுவான். "அன்னைக்குப் பிடிச்சல்ல, இன்னைக்கு என்ன? கவனமே இல்லை" என்று திட்டத் தோன்றும். இந்த ஏற்ற இறக்கம் குறைபாட்டின் இயல்பிலேயே உள்ளது. திட்டினால் மூன்றாவது நாள் வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான்.

முதலில் பாருங்கள்

ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு வாரமாவது எதையும் திருத்தாமல் கவனியுங்கள். ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் போதாது. வரிசையில் வரும்போது முன்னால் போகிறவன் மேல் இடித்துக்கொண்டே வருவது யார்? ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் உள்ளே சொருகிக்கொள்வது யார்? படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதது யார்? அப்புறம் மைதானத்தில், இரண்டு காலால் குதிக்கச் சொன்னால் ஒரு கால் முந்திக்கொள்கிறதா, பந்தைக் கையால் பிடிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறானா, மார்ச் பாஸ்டில் வலது காலோடு வலது கையே போகிறதா என்று பாருங்கள். நொண்டி ஆடச் சொல்லிப் பார்ப்பதும் நல்ல வழி. ஐந்து வயதைத் தாண்டிய பெரும்பாலான பிள்ளைகள் ஒற்றைக்காலில் சில தடவையாவது தத்துவார்கள். ஒன்பது வயதிலும் இரண்டாவது தத்தலிலேயே கால் ஊன்றினால் குறித்துக்கொள்ளுங்கள்.

நடத்தையிலும் தடயம் இருக்கும். சரியாக ஆட்டம் தொடங்கும்போது பாத்ரூம் போகிறவன், வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்து சிரிக்க வைக்கிறவன், விதியை மீறி வெளியே அனுப்பப்படுவதையே விரும்புகிறவன், சாமான் அறைச் சாவியை முதல் ஆளாகக் கேட்டு வாங்குகிறவன் எல்லோரையும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. கீழே விழுந்து சிரிப்புக்கு ஆளாவதைவிடக் குறும்புக்காரன் என்று பெயர் வாங்குவது மேல் என்று பத்து வயதுப் பிள்ளையே முடிவெடுத்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். இந்தக் குறைபாடு ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. ஆனால் மைதான ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுமியை நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பொம்பளப் பிள்ளைதானே, விருப்பமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அவளுக்கு விருப்பமில்லையா, பயமா என்று ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்பு நன்றாக ஓடிய பிள்ளை மாதத்துக்கு மாதம் மோசமாவது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருப்பது, தரையில் உட்கார்ந்தவன் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவதுபோல எழுந்திருப்பது, தலைவலியும் வாந்தியுமாகத் தள்ளாடுவது ஆகியவை டி.சி.டி.யில் வருவதில்லை. தசை நோயாகவோ நரம்புக் கோளாறாகவோ இருக்கலாம். டி.சி.டி. சின்ன வயதிலிருந்தே இருக்கும். திடீரென்று தொடங்காது, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் போகாது. கண் பரிசோதனையும் அவசியம். கண்ணாடி போட வேண்டிய பிள்ளையைப் பந்து பிடிக்கத் தெரியாதவன் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டில் எப்படிச் சொல்வது

நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். அது மருத்துவர் வேலை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "அம்மா, பையன் நல்லா முயற்சி பண்றான். ஆனா பந்து பிடிக்கிறது, கயிறு தாண்டுறது எல்லாம் இவன் வயசுப் பிள்ளைகளைவிடக் கஷ்டமா இருக்கு. வீட்டுல சட்டை பட்டன் போடுறது, சாப்பிடுறதெல்லாம் எப்படி?" பெரும்பாலும் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார். "இவங்கப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான் சார், பெரியவனானா சரியாப் போயிடும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. பலருக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பழக்கினால் வேண்டியதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் அனுப்புவதற்கு இடம் இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அவர்களிடமும் சொல்லலாம். அந்தத் திட்டம் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. இந்தக் குறைபாட்டுக்குப் பிசியோதெரபிஸ்டைப் போலவே, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் முக்கியம்.

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை விளக்கும்போது டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவின்படி, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் படிப்போடு விளையாட்டு வாய்ப்பையும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகத் தர வேண்டும். தலைமையாசிரியர் "ஏதாவது ஆயிடப் போகுது, உட்கார வெச்சிடுங்க" என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து நான் சொல்லப்போகும் எதற்கும் டாக்டர் சீட்டு தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

ஆள் எடுப்பதை நிறுத்துங்கள், அவுட் ஆக்குவதையும்

கேப்டன்கள் ஆள் எடுக்கும் முறையை முழுதாக விட்டுவிடுங்கள். எண் சொல்லிப் பிரிக்கலாம், பிறந்த மாதப்படி பிரிக்கலாம், நீங்களே முதல் நாள் எழுதிவைத்துக்கொண்டு போகலாம். கடைசி ஆளாக நிற்கும் அந்த இரண்டு நிமிடம் பிள்ளையை மைதானத்தை விட்டே விரட்டிவிடும்.

அடுத்தது, தோற்றால் வெளியே உட்காரும் ஆட்டங்கள். அதிகப் பழக்கம் தேவைப்படும் பிள்ளைதான் முதல் நிமிடத்திலேயே அவுட் ஆவான். மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்ப்பான். வாரத்துக்கு இரண்டு பீரியட் என்றால் ஆண்டு முழுவதும் அவன் எவ்வளவு நேரம் ஓடியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அவுட் ஆனவர்கள் எல்லைக்கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள். இந்த விதி எல்லோருக்கும் பொது என்பதால் யாருக்காக மாற்றினீர்கள் என்ற பேச்சே வராது. பந்தைத் தவறவிட்டதற்குத் தோப்புக்கரணம், கிரவுண்டைச் சுற்றி ஓட்டம் என்று தண்டனை கொடுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆட்டத்தை மாற்றுவது: இடம், வேலை, பொருள், ஆள்

ஓர் ஆட்டம் ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்றால் நான்கு இடத்தில் கை வைக்கலாம். ஆடும் இடத்தைப் பெரிதாக்கலாம், சின்னதாக்கலாம். செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கலாம். பந்தையோ மட்டையையோ மாற்றலாம். யாரோடு ஆடுகிறான் என்பதை மாற்றலாம். இங்கிலாந்துப் பள்ளிகளில் இதை ஸ்பேஸ், டாஸ்க், எக்விப்மென்ட், பீப்பிள் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டெப் என்ற பெயரில் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நம் ஆட்டங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கோ-கோவை எடுத்துக்கொள்வோம். ஓடத் தெரிந்தால் போதும் என்று நாம் நினைக்கும் ஆட்டம் இது. உண்மையில் துரத்துகிறவனுக்கு எத்தனை வேலை பாருங்கள்: எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த் திசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் தூணைத் தொடாமல் திரும்பக் கூடாது, முதுகுப் பக்கம் தொட்டு 'கோ' சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவன் குந்திய நிலையிலிருந்து சட்டென்று எழுந்து திசையை முடிவுசெய்ய வேண்டும். அசைவைத் திட்டமிடுவதே சிரமமாக இருக்கும் பிள்ளைக்கு இது ஒரே நேரத்தில் தலையில் விழும் சுமை. அதனால் நான்கு பேரை வைத்துத் தொடங்குங்கள். எல்லோரும் ஒரே திசையில் உட்காரட்டும். கிளம்ப வேண்டிய திசையைச் சுண்ணாம்பில் அம்புக்குறியாகப் போட்டுவிடுங்கள். முதல் வாரம் ஓட்டமே கிடையாது, வேக நடைதான். குந்தி உட்காருவதற்குப் பதில் ஒரு முழங்காலை ஊன்றி உட்காரலாம். இது பழகியதும் மாறி மாறி உட்கார வையுங்கள், பிறகு ஓட விடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள்.

கபடியில் சிக்கல் வேறு மாதிரி. மூச்சுப் பிடித்துப் பாட வேண்டும், காலை நகர்த்த வேண்டும், ஏழு பேரையும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே வந்து விழுவார்கள் என்ற பயம் வேறு. இடுப்பில் துணியைச் சொருகி வால் பிடுங்கும் ஆட்டமாகத் தொடங்குங்கள். அதிலும் ரெய்டு இருக்கும், தப்பிப்பது இருக்கும். கீழே தள்ளுவது மட்டும் இருக்காது. கபடிப் பாட்டு அப்புறம் சேரட்டும். வளையப்பந்தைப் பல பள்ளிகளில் சுலபம் என்று கொடுத்துவிடுகிறார்கள். காற்றில் சுழன்று வரும் வளையத்தை ஒற்றைக் கையால் பிடிப்பது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானவற்றில் ஒன்று. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தல்

இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். முதலில் தரையில் காலை அகட்டி எதிரெதிரே உட்கார்ந்து உருட்டி விளையாடுவது. பிறகு பலூன். பலூன் மெல்ல இறங்கும். கண் அதைத் தொடர்வதற்கும் கை போய்ச் சேர்வதற்கும் நேரம் கிடைக்கும். அடுத்து, பழைய சாக்ஸில் துணி அடைத்த பந்து. இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: தவறினால் காலடியிலேயே கிடக்கும். ரப்பர் பந்தைக் கொடுத்தால், பத்து நிமிடப் பயிற்சியில் பாதி நேரம் ஓடிப்போன பந்தின் பின்னாலேயே போய்விடும். துணிப்பந்து கைக்குப் பழகியதும் காற்றைக் கொஞ்சம் குறைத்த வாலிபாலைத் தரையில் ஒருமுறை தட்டிப் போடுங்கள். அதன் பிறகு நேராக. டென்னிஸ் பந்து எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மீட்டர் தூரத்தில் தொடங்கி மெல்லப் பின்னால் போங்கள். தூரத்தைக் கூட்டும் நாளில் பந்தை மாற்றாதீர்கள்.

"பந்தைப் பாரு, பந்தைப் பாரு" என்று கத்துவதால் பயனில்லை. அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். தவறிய பிறகு கேளுங்கள்: பந்து வந்தபோது கை எங்கே இருந்தது?

இப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்பிப்பதற்கு ஒரு முறையே இருக்கிறது. கனடாவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் ஹெலன் பொலடாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய கோ-ஆப் முறை. நோக்கம், திட்டம், செய்தல், சரிபார்த்தல் என்று நான்கு படிகள். விடையை ஆசிரியர் சொல்வதில்லை, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கிப்பிங் கற்றுக்கொடுக்கும்போது இந்த உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என்ன செய்யப் போறே தம்பி?"

"மூணு தடவை தாண்டணும் சார்."

"போன தடவை கயிறு எங்கே பட்டுச்சு?"

"கால்ல."

"நீ எப்போ குதிச்சே?"

"கயிறு தலைக்கு மேல வந்தப்பவே."

"சரி, அப்போ எப்போ குதிச்சா படாது?"

கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் உங்கள் வேலை. பிள்ளை கயிற்றைக் குதிக்காமல் வெறுமனே இரண்டு முறை சுழற்றிப் பார்ப்பான். "தரையில டப்புன்னு சத்தம் வந்தப்புறம் சார்." அடுத்த முறை அந்த 'டப்'புக்காகக் காத்திருப்பான். முதலில் சுழற்றிவிட்டு, நிறுத்தி, குதிப்பான், அதுவே போதும். இரண்டும் சேர்ந்து வர நாளாகும். கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றைவிடக் கொஞ்சம் கனமான கயிறு நல்லது. அது மெதுவாகச் சுழலும், வளைவு கலையாது, தரையில் பட்டால் சத்தம் கேட்கும்.

எந்த வேலை வரவேண்டுமோ அதையே பழக்குங்கள். உடல் சமநிலைக்கென்று பொதுவான பயிற்சிகளை மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, பந்து பிடிப்பது தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2019-இல் வெளியான சர்வதேச மருத்துவப் பரிந்துரைகளும் பிள்ளையின் அன்றாடச் செயல்களையே நேரடியாகப் பழக்கச் சொல்கின்றன. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரத்தைவிட, பிரேயருக்கு முன் பத்துப் பத்து நிமிடமாகப் பல நாள் கொடுப்பது மேல். கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும்.

சொல்லும் விதம்

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. செய்து காட்டும்போது பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்காதீர்கள். அவர்கள் பார்க்கும் திசையிலேயே திரும்பி நின்று செய்யுங்கள். உங்கள் வலது கை அவர்களுக்கு இடப்பக்கம் தெரிந்தால் இந்தப் பிள்ளை அதைத் திருப்பிப்போட்டுப் பார்ப்பதிலேயே நின்றுவிடுவான். வகுப்பு முழுவதும் வலது மணிக்கட்டில் ஒரு நாடா கட்டிக்கொள்ளட்டும். சொல்லி முடித்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அதன் பிறகு திரும்பச் சொல்லலாம்.

மாஸ் டிரில்லில் இடம் பார்த்து நிறுத்துங்கள். முன்வரிசை கூடாது என்று பலர் கடைசி வரிசையில் விடுகிறார்கள். 'எபவுட் டர்ன்' சொன்னவுடன் கடைசி வரிசை முன்வரிசையாகிவிடும். பார்த்துச் செய்ய எதிரே ஆள் இருக்காது. நடு வரிசையில், நான்கு பக்கமும் நன்றாகச் செய்கிறவர்களுக்கு மத்தியில் நிறுத்துங்கள்.

விளையாட்டு விழா

லெமன் அண்ட் ஸ்பூன், சாக்கு ஓட்டம் இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்கான எளிய போட்டிகள் என்று பெயர் எடுத்தவை. இந்தப் பிள்ளைக்கு ஊரே பார்க்கத் தோற்பதற்கான போட்டிகள் அவை. எலுமிச்சைக்குப் பதில் உருளைக்கிழங்கு, ஸ்பூனுக்குப் பதில் குழிக்கரண்டி என்று எல்லோருக்குமே மாற்றிவிடலாம். எதிரே வரும் பந்துக்கும் ஆளுக்கும் ஈடுகொடுக்க வேண்டிய ஆட்டங்களைவிட, தன் போக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் விளையாட்டுகள் இவர்களுக்குப் பெரும்பாலும் எளிது: நடை, நீண்ட தூர ஓட்டம், குண்டு எறிதல், வசதி இருந்தால் நீச்சல். செஸ், கேரம் நல்ல விளையாட்டுகள்தான். ஆனால் "உனக்குச் செஸ் போதும்" என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பிள்ளை ஓடவே மாட்டான். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் நன்றாக மூச்சுவாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு இவர்களுக்கும் உண்டு. ஆடாமல் விட்டால் உடம்பில் தெம்பு குறைகிறது, எடை கூடுகிறது, அதனால் ஆட்டம் இன்னும் கடினமாகிறது.

மதிப்பெண் போடும்போது வகுப்போடு ஒப்பிடாமல் பிள்ளையின் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். ஜூலையில் குண்டு எவ்வளவு தூரம் போனது, டிசம்பரில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படியே செய்தால், நன்றாக ஆடுகிறவர்களும் தங்கள் அளவைத் தாண்டப் பார்ப்பார்கள்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை முதல் நாளே நிறுத்துங்கள். அதற்காகப் பிள்ளையின் குறைபாட்டை வகுப்பில் விளக்க வேண்டியதில்லை. பெற்றோரும் பிள்ளையும் சம்மதிக்காமல் அது யாருக்கும் தெரியக் கூடாது.

ஏப்ரலில் அரைப் பக்கம் எழுதி அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பந்து வரை வந்திருக்கிறான், எந்தக் கயிறு, டிரில்லில் எந்த வரிசை, எதைச் சொன்னால் புரிந்துகொள்கிறான், எதைச் சொன்னால் சுருங்கிப்போகிறான் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜூனில் புது ஆசிரியர் அவன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்துவிடுவார், அவனும் வாங்கிக்கொள்வான்.